"விசாரணை நடக்கிறது" என்றால் எந்த விசாரணை?

2019-ஆம் ஆண்டின் இறுதியில், விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வந்தார். ஊர்ப் பொதுக் குழாயடியில் அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஒருவர் குடத்தைக் காலால் எட்டி உதைத்து, சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசியிருக்கிறார். மறுநாளே அந்தப் பெண்மணி காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருந்தார். அதன் பின் எட்டு மாதங்கள் கடந்துவிட்டன.

"கேஸ் போட்டாச்சு தம்பி. போய்க் கேக்குறப்பல்லாம் விசாரணை நடக்குதுன்னுதான் சொல்றாங்க. இந்தா, ரசீதுகூட குடுத்திருக்காங்க" என்று, பாலித்தீன் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

அது முதல் தகவல் அறிக்கை அன்று; மனு பெறப்பட்டதற்கான ரசீது. வழக்கே பதிவாகவில்லை. வழக்கு இல்லாததால், சட்டத்தின் பார்வையில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று எவரும் இல்லை. சாட்சிகளின் வாக்குமூலம் இல்லை. நிவாரணத் தொகை இல்லை. "விசாரணை நடக்கிறது" என்று காவல் நிலையத்தில் சொன்னதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எந்த விசாரணை என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

சட்டத்தில் ஒன்றுபோலத் தோன்றும் சொற்கள் ஒன்றல்ல. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கடமையோ, ஒரு காலக்கெடுவோ, ஓர் உரிமையோ இணைந்திருக்கிறது. ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்று வந்து அமர்ந்துவிட்டால் அந்த உரிமையும் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் கீழ் ஒரு புகார் காவல் நிலையத்தில் தொடங்கி மேல்முறையீடு வரை செல்லும் பாதையில், அடிக்கடி குழப்பப்படும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களத்தில் பணியாற்றும் தோழர்களும் சட்டம் பயிலாத மாணவர்களும் இதைக் கைக்கு உதவும் குறிப்பாகக் கொள்ளலாம்.

மனு ரசீதும் முதல் தகவல் அறிக்கையும்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் கொடுப்பவருக்கு சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீது தரப்படுவது வழக்கம். சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இன்ன தேதியில் இன்னார் காவல் நிலையத்துக்கு வந்தார் என்பதை மெய்ப்பிக்க அது பயன்படும். அதற்கு மேல் அந்தத் தாள் காவல்துறையை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை.

முதல் தகவல் அறிக்கை வேறு. அதில் குற்ற எண் இருக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுகள் என்பது இருக்கும். அதன் ஒரு படி நீதிமன்றத்துக்குச் செல்லும். அது பதிவான பின்னரே குற்றவியல் வழக்கு என்னும் இயந்திரம் நகரத் தொடங்குகிறது. ஆகவே, கையில் தரப்பட்ட தாளில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் உள்ளனவா என்று பார்ப்பதே முதல் வேலை. அவை இல்லையென்றால் வழக்குப் பதிவாகவில்லை.

இங்கே இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். காவல் நிலையத்தில் கொடுப்பதை நாம் 'புகார்' என்கிறோம். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் 'தகவல்' என்றே குறிப்பிடுகிறது. சட்டத்தின் மொழியில் புகார் என்பது நீதித்துறை நடுவரிடம் நேரடியாக முறையிடுவது. அதனால்தான் காவல் நிலையத்தில் பதிவாவதற்கு 'முதல் தகவல் அறிக்கை' என்று பெயர். தகவலை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர் தலித்தாகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 'பாதிக்கப்பட்டவர்' என்று வரையறுப்பது பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த, தீங்கை அனுபவித்த நபரை. அவருடைய உறவினர்களும், சட்டப்படியான பாதுகாவலரும், வாரிசுகளும் அதில் அடங்குவர். உடல் தீங்கு மட்டுமல்ல. மன, உணர்வு, பொருளாதாரத் தீங்குகளும் வரையறைக்குள் வருகின்றன. தகவல் கொடுத்தவர் வேறு ஒருவராக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குரிய உரிமைகள் பாதிக்கப்பட்டவருக்கே உரியவை.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, அதன் பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். பொருத்தமான பிரிவுகளின் கீழ் பதிவு செய்ய வேண்டும். படியை உடனே தர வேண்டும். இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர், அவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேராதவராயின், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியவர்.

பதிவு செய்ய மறுத்தால், 1995-ஆம் ஆண்டு விதிகளின் 5-ஆவது விதிப்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தகவலைத் தபாலில் அனுப்பலாம். சிறப்பு நீதிமன்றத்துக்கே நேரடியாகக் குற்றத்தைக் கருத்தில் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் 14-ஆவது பிரிவில் உண்டு.

'விசாரணை' என்னும் ஒரே சொல்

ஆங்கிலச் சட்ட நூல்களில் தனித்தனிச் சொற்களால் குறிக்கப்படும் செயல்கள் பலவற்றுக்கும் தமிழ்ப் பேச்சு வழக்கில் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். காவல் நிலையத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவதும் விசாரணை. வழக்குப் பதிவான பின் சாட்சியங்களைத் திரட்டுவதும் விசாரணை. நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதும் விசாரணை. துறை அதிகாரி தன் ஊழியர் மீது நடத்துவதும் விசாரணை. இந்தச் சொற்குழப்பம் யாருக்கு உதவுகிறது என்பதை மேற்சொன்ன பெண்மணியின் எட்டு மாதங்கள் காட்டுகின்றன.

முதலாவது, முதற்கட்ட விசாரணை. வழக்குப் பதியலாமா என்று முடிவெடுப்பதற்காகப் பதிவுக்கு முன் நடத்தப்படுவது இது. இரண்டாவது, புலன் விசாரணை. பதிவுக்குப் பின் நடப்பது. மூன்றாவது, குற்றச்சாட்டு வனையப்பட்ட பின் நீதிமன்றம் நடத்துவது.

வன்கொடுமை வழக்குகளைப் பொறுத்தவரை முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலான வேறுபாட்டுக்காகவே இந்த நாட்டில் ஒரு போராட்டம் நடந்தது. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும், கைதுக்கு முன் ஒப்புதல் தேவை என்றும் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது; வட மாநிலங்களில் உயிர்கள் பலியாயின. அதன் விளைவாக நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2018 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்றும், கைது அவசியமானால் புலன் விசாரணை அதிகாரி எவரிடமும் ஒப்புதல் பெறத் தேவையில்லை என்றும் அப்பிரிவு கூறுகிறது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் பிரித்விராஜ் சௌகான் வழக்கில் 18ஏ செல்லும் என்று உறுதி செய்தது.

ஆகவே, என்னைப் பார்க்க வந்தவரிடம் "விசாரித்துத்தான் வழக்குப் போடுவோம்" என்று சொல்லும் உரிமை அந்தக் காவல் நிலையத்துக்கு 2019-இல் இல்லை.

இன்று இக்கேள்வி புதிய வடிவத்தில் திரும்ப வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடமளிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் குற்றங்களுக்கு அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவை 173(3)-க்குள் விழுவதுபோலத் தோன்றும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சிறப்புச் சட்டம். அதன் 20-ஆவது பிரிவு பிற சட்டங்களை மீறி அது செயல்படும் என்கிறது. 18ஏ முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே 173(3)-ஐக் காட்டிப் பதிவைத் தள்ளிப்போட முடியாது என்பதே சரியான வாசிப்பு என்று கருதுகிறேன். காவல் நிலையத்தில் அந்தப் பிரிவு சொல்லப்படும்போது, 18ஏ-யையும் 20-ஐயும் எழுத்தில் சுட்டிக்காட்டத் தோழர்கள் தயங்கக் கூடாது.

வழக்குப் பதிவான பின் நடக்கும் புலன் விசாரணைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. 7-ஆவது விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே அதை நடத்த வேண்டும். கீழ்நிலை அதிகாரி நடத்தினால், அந்தக் குறையைக் காட்டியே எதிர்த்தரப்பு வழக்கை உடைக்க முயலும். புலன் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாட்கள் கெடு. தாமதமானால் காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். நீதிமன்ற விசாரணையைக் குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. நடைமுறை இதற்கு வெகுதூரத்தில் இருக்கிறது என்பது நாமறிந்ததே. ஆயினும் எந்தக் கெடு மீறப்பட்டது என்று கேட்பதற்கு, எந்த விசாரணை நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

குற்றப்பத்திரிகையும் இறுதி அறிக்கையும்

"கோர்ட்டுல ரிப்போர்ட் போட்டுட்டோம்" என்று காவல் நிலையத்தில் சொல்வார்கள். கேட்பவர் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று நம்பி ஊர் திரும்புவார். ஆனால் புலன் விசாரணையின் முடிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும் இறுதி அறிக்கை இரு வகையாக இருக்கலாம். குற்றம் நடந்திருக்கிறது, இன்னின்னார் மீது வழக்கு நடத்துக என்பது ஒன்று, அதுவே குற்றப்பத்திரிகை. குற்றம் நடக்கவில்லை, அல்லது தகவலில் உண்மைப் பிழை இருக்கிறது, ஆகவே வழக்கை முடிக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் இறுதி அறிக்கைகளே.

வழக்கை முடிக்கும் அறிக்கையை ஏற்பதற்கு முன், தகவல் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த அறிவிப்பைத்தான் நம் ஊரில் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்கிறார்கள். அதில் கையெழுத்துப் போடுவது தவறன்று; பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் மட்டுமே அது. ஆனால் "சம்மதம்", "ஆட்சேபணை இல்லை" போன்ற சொற்கள் எழுதப்பட்ட தாளில் படிக்காமல் கையெழுத்திடுவது வழக்கையே கைவிடுவதற்கு ஒப்பாகிவிடும். அறிவிப்பு கிடைத்தவுடன் ஆட்சேப மனு தாக்கல் செய்ய வேண்டும்.

பொது இடமும் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமும்

வன்கொடுமை வழக்குகளில் மிக அதிகமாக விவாதிக்கப்படும் சொற்றொடர் இது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் 3(1)(ஆர்) பிரிவிலும், சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவது 3(1)(எஸ்) பிரிவிலும் குற்றங்கள். இரண்டிலும் செயல் 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட ஓர் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். முதல் பிரிவில் சாதிப் பெயர் உச்சரிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆயினும் அவமதிப்பு, அவர் அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கூறிவருகின்றன.

'பொது இடம்' என்பது இடம் யாருக்குச் சொந்தம், யார் புழங்குவது என்பதைப் பற்றிய சொல். 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்' என்பது அங்கே நடந்ததை யார் பார்க்கவோ கேட்கவோ முடிந்தது என்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 2008-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அவ்வழக்கில் பாதிக்கப்பட்டவர், வீட்டு வாயிலில் நிறுத்தியிருந்த காரின் அருகே நின்றபோது வசைபாடப்பட்டார். தனியார் இடமாயினும் அது பார்வைக்குட்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றது. வீட்டுக்கு வெளியே உள்ள புல்வெளி தனியாருடையதே. ஆனால் சுற்றுச்சுவருக்கு அப்பால் தெருவில் செல்வோர் அதைக் காண முடியுமானால் அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்தான். கட்டடத்துக்கு உள்ளேயே நடந்தாலும், உறவினரோ நண்பரோ அல்லாத பொதுமக்கள் அங்கிருந்தால் குற்றமாகலாம்.

இதற்கு நேர்மாறானதும் உண்மை. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத நிலையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அவமதிப்பு இப்பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் தீர்ப்பளிக்கப்பட்ட கருப்புடையார் வழக்கு திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நிகழ்விடம் ஓர் அரசு அலுவலக அறை. அரசு அலுவலகம் என்பதால் பொது இடம் என்று நாம் எளிதில் எண்ணிவிடுவோம். ஆனால் சக ஊழியர்கள் நிகழ்வுக்குப் பின்னரே அங்கு வந்தனர் என்பதைச் சுட்டி, அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்ததாகாது என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

தனியார் முற்றம் உள்ளே வருகிறது. அரசு அலுவலக அறை வெளியே போகிறது. இந்த விளக்கம் நியாயமானதா என்ற கேள்வி நமக்கு உண்டு. பூட்டிய அறைக்குள் மேலதிகாரி சொல்லும் சாதி வசை, தெருவில் சொல்வதைவிடக் குறைவாகவா காயப்படுத்துகிறது? அந்த விவாதத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டும். ஆனால் இன்றைய சட்டம் இதுவாக இருக்கும்போது, நம் மனுக்கள் எழுதப்படும் முறையே பல வழக்குகளைப் பலவீனப்படுத்துகிறது. "என்னைச் சாதிப் பெயர் சொல்லிக் கேவலமாகத் திட்டினார்" என்ற ஒற்றை வரியோடு முடியும் மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே நின்றபோது, என்ன சொல்லால், யார் யார் அருகில் இருந்தார்கள், அவர்களில் உறவினர் அல்லாதவர் யார், தெருவிலிருந்து அந்த இடம் தெரியுமா என்பனவற்றை எழுத வேண்டும். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. சேர்த்தால் குறுக்கு விசாரணையில் மொத்த வழக்கும் சரியும். நடந்ததில் எதையும் விட்டுவிட வேண்டாம் என்கிறேன். முதல் தகவலில் முகாந்திரம் தெரியவில்லையென்றால், முன்பிணைக்கு 18-ஆவது பிரிவு விதிக்கும் தடையும் செயல்படாது என்று பிரித்விராஜ் சௌகான் தீர்ப்பே கூறுகிறது.

'காரணத்தால்' என்பதும் 'தெரிந்தே' என்பதும்

பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் தலித் அல்லது பழங்குடியினர் மீது இழைக்கப்பட்டால் ஆயுள் தண்டனை என்கிறது 3(2)(5) பிரிவு. பழைய சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் 'என்ற காரணத்தால்' குற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும். கொலை நிரூபணமாகும், வல்லுறவு நிரூபணமாகும், ஆனால் சாதிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று வன்கொடுமைப் பிரிவு மட்டும் கழன்று விழும். குற்றவாளியின் மனத்துக்குள் புகுந்து நோக்கத்தைக் காட்டும் சுமை நம் மீது இருந்தது.

2016 ஜனவரி 26 முதல் அந்த இடத்தில் 'தெரிந்தே' என்ற சொல் வந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்பது தெரிந்திருந்து குற்றம் செய்தால் போதும். நோக்கத்தைத் தேடிய சட்டம் அறிவைத் தேடும் சட்டமாயிற்று. இதற்குத் துணையாக 8-ஆவது பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், அவர்களின் சாதி அடையாளமும் தெரியும் என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது எதிர்த்தரப்பினுடையது.

2021 ஏப்ரலில் வந்த பட்டான் ஜமால் வாலி தீர்ப்பு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பார்வையற்ற தலித் பெண் மீது நடந்த வல்லுறவு வழக்கு அது. பெண், தலித், மாற்றுத்திறனாளி என்னும் அடையாளங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது என்று நீதிமன்றம் விரிவாகப் பேசியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் குற்றம் நடந்தது 2011-இல் என்பதால் பழைய சொல்லே பொருந்தியது. சாதி காரணம் என்பதற்கு ஆதாரம் வைக்கப்படவில்லை என்று வன்கொடுமைப் பிரிவின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. இதை மேற்கோள் காட்டி இன்றைய வழக்குகளிலும் 'சாதிதான் காரணம் என்று நிரூபியுங்கள்' என்று வாதிடுவோர் உண்டு. குற்றம் நடந்த தேதியைப் பார்க்க வேண்டும். 2016-க்குப் பிந்தையதென்றால் 3(2)(5)-இலும், காயம் விளைவித்தல் போன்ற அட்டவணைக் குற்றங்களுக்கான 3(2)(5ஏ)-இலும் 'தெரிந்தே' என்பதே அளவுகோல்.

நிவாரணமும் இழப்பீடும்

இரண்டையும் நாம் 'அரசு கொடுக்கும் பணம்' என்றே பேசுகிறோம். நிவாரணம் என்பது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 12(4)-ஆவது விதியும் அதன் இணைப்பும் தரும் உரிமை. ஏழு நாட்களுக்குள் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளில் குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை வகுக்கப்பட்டிருக்கிறது. சாதிப் பெயர் சொல்லி வசைபாடிய வழக்கில் ஒரு லட்சம் ரூபாய். அதில் 25 விழுக்காடு முதல் தகவல் அறிக்கை நிலையில், 50 விழுக்காடு குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குச் செல்லும்போது, மீதி 25 விழுக்காடு கீழமை நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கப்படும்போது. அதாவது, முக்கால் பங்குக்கு மேல்நீதிமன்றம் வரையோ தீர்ப்பு வரையோ காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வாசல் முதல் தகவல் அறிக்கை. மனு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகப் படியேறுவோருக்கு ஏன் எதுவும் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

இழப்பீடு என்பது வேறு. தீர்ப்பின்போது அபராதத் தொகையிலிருந்து வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். அல்லது பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகப் பெறலாம். சமரசப் பேச்சில் எதிர்த்தரப்பு நீட்டும் பணம் இவ்விரண்டில் எதுவும் அன்று. "நஷ்டஈடு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தொகைக்குச் சட்டத்தில் அப்படியொரு பெயர் கிடையாது.

விடுவிப்பு, விடுதலை, முன்விடுதலை

செய்தித்தாள்கள் 'விடுதலை' என்னும் ஒரே சொல்லால் குறிப்பவை பல. பிணையில் வெளிவந்தாலும் விடுதலை; தண்டனைக் காலம் முடியாமல் அனுப்பப்பட்டாலும் விடுதலை.

குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் அனுப்பிவிடுவது விடுவிப்பு. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு மீண்டும் எழக்கூடும். முழு நீதிமன்ற விசாரணைக்குப் பின் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளிப்பதே விடுதலை. அத்தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்காக அவரை மறுபடி விசாரிக்க முடியாது. உயர் நீதிமன்றம் வழக்கையே நீக்குவது ரத்து. தண்டனை பெற்றவரை அரசு காலத்துக்கு முன் சிறையிலிருந்து அனுப்புவது முன்விடுதலை. அதனால் குற்றத் தீர்ப்பு அழிவதில்லை.

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், ஆயுள் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. 2019 நவம்பரில் அவ்வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேரை மாநில அரசு முன்விடுதலை செய்தது. "மேலவளவு வழக்கில் விடுதலை ஆகிவிட்டார்கள்" என்று பேசும்போது, வரலாற்றையே நாம் அறியாமல் மாற்றிச் சொல்கிறோம். அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அரசின் முடிவை எதிர்ப்பது வேறு. தீர்ப்பு நமக்கெதிராக வந்ததுபோல் சோர்வது வேறு.

பிணை, விடுவிப்பு, பரோல், தண்டனை என எந்தக் கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு 15ஏ பிரிவு உரிமை தருகிறது. அவருக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும். இது சடங்கன்று, கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறப்பு நீதிமன்றத்தின் விடுவிப்பு ஆணை மீதும் விடுதலைத் தீர்ப்பு மீதும் 14ஏ பிரிவின் கீழ் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எந்தச் சொல் வந்திருக்கிறது என்று தெரியாமல் இருந்துவிட்டால் அந்த 90 நாட்களும் கரைந்துவிடும்.

குழாயடியில் அவமதிக்கப்பட்ட பெண்மணியின் கதைக்குத் திரும்புகிறேன். கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒன்பதாம் மாதத்தில் வழக்குப் பதிவானது. பின்னர் குற்றப்பத்திரிகையும் வந்தது. சாட்சிக் கூண்டில் அவர் நின்றபோது எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வி, "ஒன்பது மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்?" அப்போது உதவியது அந்தப் பாலித்தீன் பைக்குள் இருந்த ரசீதுதான். மறுநாளே அவர் காவல் நிலையம் சென்றார் என்பதற்கு அது சாட்சி சொன்னது. ஆனால் நிகழ்வை நேரில் கண்ட ஒரே வெளியாள், இடைப்பட்ட காலத்தில் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வளாக வேப்பமரத்தடியில் நின்று அவர் என்னைக் கேட்டார்: "விடுதலைன்னா, அவன் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அர்த்தமா தம்பி?"

இல்லை, நிரூபிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அடுத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தோம். அது உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது.

முதல் நாளிலேயே யாராவது ஒருவர் அவரோடு காவல் நிலையத்துக்குச் சென்று, "குற்ற எண் எங்கே?" என்று கேட்டிருந்தால் அந்தச் சாட்சி ஊரில் இருந்திருப்பார். அப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு சேரியிலும், ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் வேண்டும். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.